திணிக்கப்படும் நடிகரை மலையூர்த் திரையரங்கு நடத்துவோர் கண்டறியும் முறை

நீலகிரியில் ஒரு சிறு ஊரின் திரையரங்கில் இருபத்திரண்டு ஆண்டுகள் மேலாளராக இருந்தேன். கோத்தகிரிப் பக்கம் பல காலமாகப் பூட்டிக் கிடந்த அரங்கு ஒன்றைக் குத்தகைக்கு எடுத்துத் திறந்திருக்கும் இளைஞர் ஒருவர் சென்ற மாதம் என்னைத் தேடி வந்தார். "அண்ணா, இந்த ஹீரோ படத்துக்கு எம்.ஜி. கேக்குறாங்க. டிவியைப் போட்டா அவருதான், பஸ் ஸ்டாண்டு பூரா அவரு போஸ்டருதான். ஆனா எங்க ஊர்ல ஒருத்தர்கூட அவரைப் பத்திப் பேசி நான் கேக்கலைங்க. எடுக்கலாமா?" என்று கேட்டார். எம்.ஜி. என்பது, படத்தை எடுக்க விநியோகஸ்தருக்கு நாம் முன்கூட்டியே கட்டும் உத்தரவாதத் தொகை. அவருக்கு நேரில் சொன்னது அவரைப் போன்ற மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் சற்று விரிவாக எழுதி வைக்கிறேன்.

படம் ஓடாத நடிகர் எல்லோரும் திணிக்கப்படும் நடிகர் அல்லர் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஒரு படம் கதையால் விழும், மழையால் விழும், தேர்வு நேரத்தில் வந்ததால் விழும். மக்கள் கேட்பதைவிடப் பல மடங்கு அதிகமாகத் தயாரிப்பாளரும் விநியோகஸ்தரும் ஒருவரை முன்னிறுத்தி, அந்த இடைவெளி படத்துக்குப் படம் குறையாமல் நீடிக்குமானால், அவரையே திணிக்கப்படும் நடிகர் என்கிறேன். எனவே நாம் பார்க்க வேண்டியவை இரண்டு: அவரை எவ்வளவு தூரம் தள்ளிவிடுகிறார்கள் என்பது ஒன்று, அவருக்காகத் தாமாகக் கிளம்பி வருபவர்கள் எத்தனை பேர் என்பது மற்றொன்று. முதலாவதைத் தேடிப் போக வேண்டியதில்லை, சுவரெல்லாம் ஒட்டியிருக்கிறது. இரண்டாவதை எண்ணுவதில்தான் மலையூர்க்காரர்கள் தவறுகிறோம். நானும் தவறியிருக்கிறேன்.

இந்தத் தவறு ஏன் நம்மை மற்றவர்களைவிட அதிகமாகப் பாதிக்கிறது என்பதை அறியப் பணம் நகரும் வழியைப் பார்க்க வேண்டும். திரைப்பட வணிகக் கணக்கில் ஏரியா என்பது விநியோக உரிமையை மொத்தமாக விற்கும் பகுதி. நீலகிரி தனி ஏரியா அன்று. கோவை, திருப்பூர், ஈரோடு ஆகியவற்றோடு சேர்ந்து கோவை ஏரியாவில் அடங்குகிறது. கொடைக்கானல் மதுரை ஏரியாவில் வருகிறது. ஏரியா முழுவதற்கும் ஒரு விலை கொடுத்து உரிமை வாங்கிய விநியோகஸ்தர், அந்த விலையைக் கோவையின் பெரிய வளாகங்களை மனத்தில் வைத்தே பேசியிருப்பார். அதன் பிறகு சுமையைப் பிரித்து நம் ஒவ்வொருவர் தலையிலும் ஏற்றுவார். எம்.ஜி. என்னும் மினிமம் கேரண்டியில் நாம் கொடுத்த தொகை, படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் திரும்பாது. அட்வான்ஸ் என்றால் வசூல் குறைந்த அளவுக்குத் திருப்பிக் கேட்க நமக்கு உரிமை உண்டு, அது கைக்கு வந்து சேரும் காலம் வேறு கதை. சதவீத முறையிலோ வசூலை மட்டும் பங்கிட்டுக்கொள்கிறோம். ஆனால் அதில் முதல் வாரத்தின் பெரும்பங்கு விநியோகஸ்தருக்குப் போகும், அடுத்தடுத்த வாரங்களில்தான் திரையரங்கின் பங்கு கூடும்.

திணிக்கப்படும் நடிகரின் ஆபத்து இந்தக் கடைசி இடத்தில் இருக்கிறது. விளம்பரம் கூட்டி வரும் கூட்டம் முதல் மூன்று நாள் கூட்டம். நமக்குப் பங்கு கூடும் இரண்டாம் வாரத்தை அந்தப் படம் எட்டுவதே இல்லை. மூன்று நாள் அரங்கு நிறைந்திருந்தும் மாத முடிவில் மின்கட்டணம் கட்டப் பணம் இல்லாமல் போவது இப்படித்தான். நான்கு வாரத்தில் படம் கைப்பேசிக்கு வந்துவிடும் இந்தக் காலத்தில், இரண்டாம் வாரத்தை இழந்த படத்துக்கு மூன்றாம் வாரம் என்பதே கிடையாது.

இனி எண்ணும் முறைக்கு வருகிறேன். மலையூரில் முதலில் கழிக்க வேண்டியது சீசனை. ஏப்ரல், மே மாதங்களில் ஊட்டியிலும் குன்னூரிலும் கொடைக்கானலிலும் மாலை ஆறு மணிக்குப் பிறகு வெளியூர்க்காரர்கள் போவதற்கு இடமில்லை. பூங்கா மூடிவிடும், படகு நின்றுவிடும், குளிர் இறங்கிவிடும். குழந்தைகளோடு அறையில் அடைந்து கிடப்பதைவிட எந்தப் படமானாலும் பார்க்கலாம் என்று வந்து உட்கார்வார்கள். அந்தக் கூட்டத்தைக் காட்டி, "போன மே மாசம் அவர் படம் உங்க ஊர்லயே ஹவுஸ்ஃபுல்லா ஓடிச்சே" என்று விநியோகஸ்தரின் ஆள் சொல்வார். ஓடியது உண்மை. ஆனால் அன்று வந்தவர்கள் நடிகருக்காக வரவில்லை, குளிருக்காக வந்தார்கள். 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வண்டிகளுக்கு உயர் நீதிமன்ற உத்தரவின்படி இ-பாஸ் நடைமுறையில் இருப்பதால், எந்த வாரம் கூட்டம் ஏறியது, எந்த வாரம் இறங்கியது என்ற செய்தி நாளிதழ்களில் வந்துவிடுகிறது. அதை உங்கள் வசூல் ஏட்டின் ஓரத்தில் குறித்து வாருங்கள்.

அடுத்துக் கழிக்க வேண்டியது மழையை. இங்கே கிழக்குச் சரிவும் மேற்குச் சரிவும் இரண்டு தனி நாடுகள் போல. தென்மேற்குப் பருவத்தில், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, கூடலூரும் பந்தலூரும் நனைந்து கிடக்கும். வடகிழக்குப் பருவத்தில், அக்டோபரிலும் நவம்பரிலும், குன்னூரும் கோத்தகிரியும் நனையும், மண் சரியும், பாதை அடைபடும். தீபாவளிப் படங்கள் இந்தப் பருவத்தில் வருகின்றன. ஆகவே கோத்தகிரியில் தீபாவளிக்கு வந்த ஒருவரின் படம் விழுந்தால், அதை வைத்து அவரை எடைபோடுவது அநியாயம். அதே படம் அதே வாரம் கூடலூரில் எப்படிப் போனது என்று ஒரு தொலைபேசி அழைப்பில் கேட்டுக்கொள்ளுங்கள். கூடலூரில் மலையாளம் பேசுவோரும் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களும் நிறைய இருப்பதால் அவர்கள் விருப்பம் குன்னூரின் விருப்பமாக இருக்க வேண்டியதில்லை என்பதையும் சேர்த்தே பாருங்கள்.

இவ்விரண்டையும் கழித்த பிறகு எஞ்சும் சாதாரண வாரத்தில், சம்பளம் வந்த வாரமாகவும் திருவிழா வாரமாகவும் இல்லாத ஒரு வாரத்தில், திங்கட்கிழமை மாலை ஃபர்ஸ்ட் ஷோவுக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ண வேண்டும். ஏன் திங்கள் என்றால், வெள்ளி ரசிகர் மன்றத்தின் நாள், சனியும் ஞாயிறும் குடும்பத்தின் நாள், திங்கள்தான் யாருக்கும் சொந்தமில்லாத நாள். அன்று தேயிலை பறித்துவிட்டு, குளித்து, சால்வை போர்த்திக்கொண்டு ஒருவர் அரங்குக்கு வருகிறார் என்றால் அவர் விரும்பி வருகிறார். செகண்ட் ஷோவைக் கணக்கில் சேர்க்காதீர்கள். கடைசிப் பேருந்து போன பிறகு காட்டுமாடு நிற்கும் பாதையில் நடந்து வீடு சேர வேண்டியவர்கள் யார் நடித்தாலும் வரமாட்டார்கள். அந்தக் காட்சியின் வெறுமை எந்த நடிகரின் குற்றமும் அன்று.

திங்கள் எண்ணிக்கை ஒரு படத்துக்கு மட்டும் இருந்தால் பயனில்லை. ஒவ்வொரு அரங்குக்கும் யார் படமானாலும் வரும் ஒரு சிறு கூட்டம் உண்டு: தனியாக இருக்கும் ஓய்வு பெற்றவர்கள், வேலை முடிந்த ஓட்டுநர்கள், எங்காவது ஒரு மணி நேரம் சேர்ந்து உட்கார இடம் தேடும் புதுமணத் தம்பதிகள். எங்கள் அரங்கில் அவர்களைக் கூரைக்கு வருகிறவர்கள் என்போம். பெயர் தெரியாத நடிகர்களின் படங்கள் நான்கைந்துக்கு வந்த திங்கள் எண்ணிக்கையைச் சராசரி பார்த்தால் அவர்கள் எத்தனை பேர் என்று தெரியும். அந்த எண்ணுக்கு மேல் எத்தனை பேர் வந்தார்களோ அவர்களே அந்த நடிகரின் சொத்து. பெரிய விளம்பரத்தோடு வந்த ஒருவரின் திங்கள் எண், பெயர் தெரியாதவர் படத்தின் திங்கள் எண்ணோடு ஒத்துப் போகுமானால், இத்தனை செலவும் ஓர் ஆளைக்கூட உங்கள் வாசலுக்குக் கொண்டுவரவில்லை என்று பொருள். ஒரு படத்தில் இப்படி நேர்ந்தால் காத்திருங்கள். மூன்று படங்களில் தொடர்ந்து நேர்ந்தால் முடிவெடுக்கலாம்.

டிக்கெட் எண்ணிக்கையை மட்டும் நம்பக் கூடாது என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் கேன்டீன்காரர். பெரிய இடத்துப் பிள்ளை ஒருவரின் மூன்றாவது படம் அது. முந்தைய இரண்டும் எங்கள் ஊரில் நான்கு நாள் தாண்டவில்லை. ஆனாலும் இந்த முறை படம் வேறு மாதிரி என்றும் முன்பதிவு பொங்கி வழிகிறது என்றும் விநியோகஸ்தர் அலுவலகத்தில் அடித்துச் சொன்னார்கள். நானும் முதலாளியிடம் பேசி எம்.ஜி. கொடுக்க வைத்தேன். சனிக்கிழமை மாலைக் காட்சிக்கு இணையத்தில் பார்த்தால் பின்வரிசைகள் முழுக்க விற்றிருந்தன. மகிழ்ந்து போனேன். இடைவேளை முடிந்து விளக்கு அணைந்ததும் கேன்டீன்காரர் என் அறைக்கு வந்து, "ஐயா, நூத்தி எழுவது டிக்கெட்டுன்னு சொன்னீங்க. டீ நாப்பது கூடப் போகலைங்க. வர்க்கி அப்படியே தட்டுல இருக்கு. உள்ள ஆள் இருக்காங்களா?" என்றார். டார்ச் எடுத்துக்கொண்டு உள்ளே போய் வரிசை வரிசையாக எண்ணினேன். ஐம்பத்திரண்டு பேர் இருந்தார்கள். மற்ற இருக்கைகளை யாரோ மொத்தமாக வாங்கி அப்படியே விட்டிருந்தார்கள். திங்கட்கிழமை ஃபர்ஸ்ட் ஷோவுக்கு ஒன்பது பேர் வந்தார்கள், அவர்களில் எழுவர் கூரைக்கு வருகிறவர்கள். அந்த எம்.ஜி. தொகையை ஈடுகட்ட எங்களுக்கு ஏழு மாதம் ஆயிற்று. அந்த ஏழு மாதமும் டிக்கெட் கிழிப்பவருக்கும் துப்புரவு அம்மாவுக்கும் சம்பளம் தவணையாகப் போனது. அதற்கு நானே பொறுப்பு என்ற எண்ணம் இன்றுவரை என்னை விடவில்லை.

ஆகவே டீயை எண்ணுங்கள். சமவெளியில் இந்த அளவுகோல் பொருந்தாமல் போகலாம், மலையில் பொருந்தும். ஏழாயிரம் அடி உயரத்தில் மாலைக் காட்சியின் இடைவேளையில் டீ குடிக்காமல் இருப்பவர் அபூர்வம். சாதாரணப் படத்துக்கு நூறு பேருக்கு எத்தனை டீ போகிறது என்று ஒரு மாதம் எழுதி வைத்தால் உங்கள் அரங்குக்குரிய விகிதம் கிடைத்துவிடும். அந்த விகிதம் திடீரென்று பாதிக்குக் கீழே இறங்கினால் டிக்கெட் போயிருக்கிறது, ஆள் வரவில்லை. இதே கணக்கு இன்னொரு செய்தியையும் சொல்லும். நாயகனின் பாட்டு ஓடும்போது டீ வாங்க எழுந்து வருபவர்கள் எத்தனை பேர், நகைச்சுவைக் காட்சி வரும்போது கையிலிருக்கும் டீயோடு உள்ளே ஓடுபவர்கள் எத்தனை பேர் என்று கேன்டீன்காரரைக் கேளுங்கள். அரங்கத்தில் யாருக்காகக் கூட்டம் உட்கார்ந்திருக்கிறது என்பது அவருக்கு எவரையும்விட நன்றாகத் தெரியும்.

அரங்குக்கு வெளியே பார்க்க வேண்டியவற்றில், எவரும் காசு கொடுக்காமல் நடப்பவை மட்டுமே கணக்கு. நடிகரின் பிறந்த நாளுக்கு வரும் ஃபிளெக்ஸ் பெரும்பாலும் எங்கிருந்தோ அச்சடித்து வருவது. ஆனால் மாரியம்மன் திருவிழாவுக்கு எஸ்டேட் லைன் வீட்டுப் பிள்ளைகள் ஆளுக்கு நூறு, இருநூறு போட்டு வைக்கும் ஃபிளெக்ஸில், அம்மன் படத்துக்குக் கீழே, தங்கள் பாஸ்போர்ட் படங்களுக்கு மேலே, யாருடைய முகத்தைப் போடுகிறார்கள் என்று பாருங்கள். அது அவர்கள் சொந்தக் காசு. படகர்களின் ஊர்களான ஹட்டிகளில் திருமண வீட்டு இசைக்குழுவிடம் எந்தப் பாட்டைக் கேட்கிறார்கள், அந்தப் பாட்டில் நடித்தவர் பெயர் சொல்லிக் கேட்கிறார்களா, பாட்டின் பெயர் மட்டும் சொல்கிறார்களா என்று கவனியுங்கள். சலூனில் ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் உட்கார்ந்தால் எந்தத் தலைமுடி கேட்கப்படுகிறது என்று தெரியும். பேருந்து நிலையத்து டீக்கடைத் தொலைக்காட்சியில் அவர் படம் வரும்போது சேனலை மாற்றுகிறார்களா, விடுகிறார்களா என்பதும் நல்ல சான்று. இணையத்தில் ஓடும் எண்களை நான் பார்ப்பதில்லை. ஊட்டியில் எத்தனை பேர் பார்த்தார்கள், உலகத்தில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று அவை பிரித்துச் சொல்வதில்லை.

மக்கள் கேட்காத ஒருவரை ஏன் இவ்வளவு செலவழித்து முன்னிறுத்துகிறார்கள் என்று இளைஞர் கேட்டார். காரணம் தெரிந்தால், எந்தப் படத்தில் திணிப்பு இருக்கும் என்று முன்கூட்டியே கணிக்கலாம். பெரும்பாலும் அது பிடிவாதமில்லை, முன்பே போட்டுவிட்ட முதல். ஒருவரோடு இரண்டு மூன்று படங்களுக்குச் சேர்த்து ஒப்பந்தம் போட்டிருப்பார்கள். முதல் படம் மக்களிடம் வந்து விழும்போது இரண்டாவது படம் பாதி எடுத்து முடிந்திருக்கும், மூன்றாவதற்கு முன்பணம் போயிருக்கும். எடுத்த படத்தை விற்றாக வேண்டும். விற்க அவர் பெரிய நடிகர் என்று சொல்லியாக வேண்டும். இதற்குத் தெளிவான பாடம் அமெரிக்காவின் ஸ்டூடியோக்களிடம் கிடைக்கிறது, ஏனென்றால் அங்கே நடிகர்களை நீண்ட கால ஒப்பந்தத்தில் கட்டி வைத்து, அவர்களை உருவாக்கி விற்பதையே ஒரு தொழிலாக நடத்தினார்கள். சாமுவேல் கோல்ட்வின் 1930களின் தொடக்கத்தில் உக்ரைனில் பிறந்த அன்னா ஸ்டென் என்ற நடிகையை வரவழைத்து, ஆங்கிலம் கற்பித்து, சுமார் இரண்டு ஆண்டுகள் விளம்பரம் செய்தார். 1934, 1935 ஆண்டுகளில் மூன்று படங்கள் வந்தன, மூன்றையும் மக்கள் ஏற்கவில்லை, ஒப்பந்தம் முடிந்தது. நல்ல நடிகை என்பதில் எவருக்கும் ஐயம் இருந்ததாகத் தெரியவில்லை. கேட்காத பசிக்கு வைத்த விருந்து, அவ்வளவே. ரிபப்ளிக் என்ற படநிறுவனத்தின் தலைவர் ஹெர்பர்ட் யேட்ஸ், 1936 குளிர்கால ஒலிம்பிக்கில் பனிச்சறுக்கு நடனமாடிய வேரா ரால்ஸ்டனைப் பல ஆண்டுகள் படத்துக்குப் படம் நாயகியாக்கினார், பின்னர் மணந்தும் கொண்டார். 1950களில் அந்த நிறுவனத்தின் பங்குதாரர்களே இதற்காக யேட்ஸ்மேல் வழக்குத் தொடுத்தார்கள்.

திரையரங்குக்காரர்களால் அப்போது ஏன் மறுக்க முடியவில்லை என்றால், ஓடும் படம் வேண்டுமானால் ஓடாத படங்களையும் சேர்த்து எடு என்று மொத்தமாகக் கட்டி விற்கும் வழக்கம் அங்கே இருந்தது. 1948இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாதென்றது. நம் ஊரில் எழுத்தில் அப்படி எதுவும் இருக்காது. "இதை எடுங்க, பொங்கல் படத்துக்கு உங்களைப் பார்த்துக்கிறேன்" என்று வாய்வார்த்தையாக வரும். அந்த வார்த்தை வரும் இடத்தில் திணிப்பு இருக்கிறது என்று கொள்ளலாம். தானாக ஓடும் படத்துக்கு எவரும் இன்னொரு படத்தைத் துணைக்கு அழைப்பதில்லை. பெரும் பணம் போட்டவர்களும் தப்புவதில்லை. டிஸ்னி நிறுவனம் 2012இல், அதுவரை பெரிய படங்களைத் தாங்கிப் பழகாத ஒரு நாயகனை முன்னிறுத்தி வெளியிட்ட ஒரே படத்துக்காகச் சுமார் 20 கோடி டாலர் இழப்பை அறிவிக்க வேண்டியிருந்தது.

தமிழில் இதைவிட நெருக்கமான சான்றுகள் உண்டு. 1972இல் முதலமைச்சரின் மகன் மு.க.முத்து 'பிள்ளையோ பிள்ளை' படத்தில் நாயகனாக அறிமுகமானபோது அவருக்குப் பின்னால் இருந்த செல்வாக்கு வேறு எந்தப் புதுமுகத்துக்கும் இருந்ததில்லை. சொந்தக் குரலில் பாடவும் தெரிந்தவர். ஆனாலும் எம்.ஜி.ஆரின் கூட்டம் எம்.ஜி.ஆரிடமே இருந்தது. இதற்கு நேர்மாறான கதை 1952இல் நடந்தது. 'பராசக்தி' எடுக்கும்போது மெலிந்திருந்த புதுமுகம் சிவாஜி கணேசன்மேல் ஸ்டூடியோ தரப்பில் நம்பிக்கை இல்லை. மாற்றிவிடலாம் என்ற பேச்சும் இருந்தது. பங்குதாரரான வேலூர் பெருமாள் முதலியார் உறுதியாக நின்றதால்தான் அவர் நீடித்தார். படம் வந்த பிறகு என்ன நடந்தது என்பதை நான் எழுத வேண்டியதில்லை. நம் மலைகளுக்கு மிக அருகில் நடந்தது 2024இல் வந்த மலையாளப் படம் 'மஞ்சும்மல் பாய்ஸ்'. கொடைக்கானல் குணா குகையில் நடந்த உண்மை நிகழ்வைக் காட்டியது, திரையரங்குகளுக்குத் தமிழில் மொழிமாற்றம் செய்யாமலே வந்தது, நடித்தவர்களில் பெரும்பாலோரின் பெயர்கள் நம் மக்களுக்குத் தெரியாது. தமிழ்நாட்டில் மட்டும் 50 கோடி ரூபாய்க்கு மேல் வசூலித்தது.

இவ்வளவு சொன்ன பிறகு, இளைஞரிடம் அழுத்திச் சொன்ன எச்சரிக்கையையும் எழுத வேண்டும். 1938 மே மாதத்தில் அமெரிக்காவின் தனித் திரையரங்கு உரிமையாளர் சங்கம் ஒன்று, ஸ்டூடியோக்கள் அதிகச் சம்பளம் கொடுத்துத் தள்ளிவிடும் நடிகர்களால் தங்கள் வசூல் கெடுகிறது என்று பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தது. அவர்கள் நிலைமையில் இருந்தவன் என்பதால் அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அவர்கள் வசூலுக்கு விஷம் என்று எழுதிய பெயர்களில் கேத்தரின் ஹெப்பர்னும் ஜோன் கிராஃபோர்டும் இருந்தார்கள். ஹெப்பர்ன் இரண்டே ஆண்டில், 1940இல், தனக்குப் பொருந்திய ஒரு கதையைத் தானே உரிமை பெற்றுக் கொண்டுவந்து மீண்டு எழுந்தார். வாழ்நாளில் நான்கு ஆஸ்கர் பெற்றார். கிராஃபோர்டு 1945இல் வந்த படத்துக்கு ஆஸ்கர் பெற்றார். அந்த உரிமையாளர்களின் எண்கள் பொய்யல்ல, எண்களை என்றைக்குமாக எழுதியதுதான் தவறு. இங்கேயும் 'நாளைய தீர்ப்பு' 1992இல் வந்தபோது, தந்தை இயக்கிய படத்தில் அறிமுகமான விஜயை மக்கள் ஏற்கவில்லை; 1996இல் 'பூவே உனக்காக' வந்த பிறகு நிலைமை மாறியது. விக்ரம் 1990 முதல் நடித்துக்கொண்டிருந்தார், வாங்க ஆளில்லாமல் காத்திருந்த 'சேது' 1999 டிசம்பரில் வந்துதான் அவரை மக்கள் கேட்கத் தொடங்கினார்கள். அதுவரை அவருக்கு நான் வைத்திருந்த திங்கள் எண் வேறு, அதற்குப் பிறகு வேறு. எனவே ஏட்டில் நடிகரின் பெயரை அடித்துவிடாதீர்கள். பொருந்தாத வேடத்தில் தள்ளப்படுவதால் முதலில் நட்டப்படுபவர் அந்த நடிகர்தான் என்பதையும் நினைவில் வையுங்கள். விழுந்த படத்திலேயே அவருடைய எந்தக் காட்சிக்கு அரங்கம் அமைதியானது, எந்த இடத்தில் உண்மையாகவே சிரித்தது என்று குறித்து வைத்தால், அடுத்த படத்தின் கதையைக் கேட்கும்போது அந்தக் குறிப்பு பயன்படும்.

கணித்த பிறகு விநியோகஸ்தரிடம் பேசுவது கடினமான வேலை, ஆனால் செய்யக் கூடியது. படம் வேண்டாம் என்று தொடங்காதீர்கள். உங்கள் ஏட்டில் அந்த நடிகரின் முந்தைய மூன்று படங்களுக்கு வந்த திங்கள் எண்ணை, சீசன், மழை, சம்பள வாரம் எல்லாம் குறித்தபடி, தாளில் எழுதி எடுத்துப் போங்கள். எம்.ஜி.க்கு மாறாகச் சதவீத முறையைக் கேளுங்கள். சதவீதத்துக்கு ஒப்பவில்லை என்றால், திரும்பப் பெறக்கூடிய அட்வான்ஸ் என்று கேட்டு, எத்தனை நாளில் கணக்கு முடித்துத் தருவார்கள் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். நாளுக்கு நான்கு காட்சியும் கொடுக்க வேண்டும் என்று வற்புறுத்தினால், திங்கட்கிழமையிலிருந்து மாலைக் காட்சியை வேறு படத்துக்கு மாற்றிக்கொள்ளும் உரிமையை வைத்துக்கொள்ளுங்கள். பொங்கல் படத்தைக் காட்டி அழுத்தினால், அந்தப் படத்தின் எம்.ஜி.யை இப்போதே பேசி முடிக்கலாமா என்று கேளுங்கள். அந்தப் படத்தைத் தருவதாக இருப்பவர் அதற்கு மறுக்கமாட்டார். எந்த நிலையிலும் கடன் வாங்கி எம்.ஜி. கட்டாதீர்கள். நான் பணியாற்றிய காலத்தில் எங்கள் மலையில் மூடப்பட்டு மண்டபமாகவும் கிடங்காகவும் மாறிய அரங்குகளைப் பற்றி யோசித்தால், பலவற்றின் கடைசி ஆண்டில் இப்படி ஒரு கடன் இருந்தது.

அந்த இளைஞர் நான் சொன்னபடி அவருடைய ஊரின் சலூனிலும் டீக்கடையிலும் இரண்டு ஞாயிறு உட்கார்ந்து பார்த்திருக்கிறார். அவருக்கு முன் அரங்கை நடத்தியவரின் பழைய வசூல் ஏட்டை எங்கோ தேடிப் பிடித்து, பக்கம் பக்கமாகப் படித்திருக்கிறார். எம்.ஜி. கொடுக்க மறுத்து, ஒரு வாரத்துக்குச் சதவீத முறையில் படத்தை எடுத்திருக்கிறார். படம் இந்த வெள்ளிக்கிழமை வருகிறது. திங்கட்கிழமை மாலை இடைவேளையில் கேன்டீன் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று, போகும் டீயை அவர் கையாலேயே எண்ணி, அன்று இரவே எனக்குச் சொல்ல வேண்டும் என்று கேட்டிருக்கிறேன்.